ஓடந்துறை போட்ட கணக்கு

(நமது வளாகத்தின் குடியரசு தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடியரசு தினத்தன்று ஊராட்சிகளில் கிராம சபை கூட வேண்டும் என்பது நம் மாநில விதி. வரவு செலவு ஊர் மக்கள் முன் வைக்கப்படும். அப்படிக் கூடும் ஊர்களில் ஒன்றைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுகிறேன்.

ஊட்டிக்குப் போகும்போது, மேட்டுப்பாளையம் தாண்டியதும் பாக்குத் தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம்தான் ஓடந்துறை ஊராட்சி. சின்னச் சின்னக் குக்கிராமங்கள் சேர்ந்தது; பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் திரு. ஆர். சண்முகம் அங்கே தலைவரானார். பவானித் தண்ணீர் குழாயில் வந்தது, தெருவிளக்கு எரிந்தது. கூடவே மின்கட்டணமும் ஏறியது. லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு என்று மாதாமாதம் பார்க்கிற நமக்கு இது புதிதல்ல.

கட்டணம் கூடுகிறதே என்று அவர்கள் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. முதலில் சிறிதாகத் தொடங்கினார்கள். 2003இல், மரக்கழிவை எரித்து வாயு எடுக்கும் 9 கிலோவாட் கருவி வைத்துத் தண்ணீர் மோட்டாரை ஓட்டினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் பெரிய காரியத்தில் இறங்கினார்கள்.

2006இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல, உடுமலை பக்கம் மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கேதான் நன்றாக வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இவர்கள் அதே காற்றைக் காசாக்கினார்கள்.

ஆண்டு உற்பத்தி சுமார் 6.75 லட்சம் யூனிட்டாக இருந்தது. ஊராட்சியின் அப்போதைய தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. கடனும் அடைந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வங்கி மேஜையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் என் கண்ணில் படுவது காற்றாலை அல்ல, அந்த 40 லட்சம். மொத்த விலையில் கால் பங்குக்கும் கொஞ்சம் மேலே கைப்பணம் இருந்தது. கைப்பணமும் ஒழுங்கான கணக்கும் இருக்கிறவர் கேட்டால் எந்த வங்கியும் காது கொடுத்துக் கேட்கும். ஒரு சின்ன ஊராட்சி அதைச் செய்திருக்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். வரும் பொதுக்குழுவில் இரண்டு கேள்விகள் உள்ளன. மொட்டை மாடியில் சூரிய மின்தகடு போடலாமா? அதற்குக் கார்ப்பஸ் நிதியைத் தொடலாமா? போட வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. பெயின்ட், லிஃப்ட் பழுது இவற்றுக்கு ஒதுக்கியது போக எவ்வளவு மிஞ்சும், எத்தனை ஆண்டில் போட்ட முதல் திரும்பும், இயந்திரம் பழசானால் மாற்றுவதற்கு என்ன ஏற்பாடு? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் கேட்பதற்கு ஆள் வர வேண்டுமே! நாற்பது பேர் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டால், அது எல்லோருடைய பணத்துக்கும் சிலர் எடுத்த முடிவு. கூலி வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் ஊர்க் கணக்கைக் கேட்க நேரம் ஒதுக்குகிறார்கள். நாம் லிஃப்டில் இறங்கி வந்தால் போதும்.

தவறாமல் வாருங்கள்.