விதியும் நிதியும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம் கல்வி. இதைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். உள்ளபடியே நாம் எந்தக் கலாசாலைப் படியையும் மிதித்தவரல்ல. பழைய கடதாசிக் கடையிலும், இதுபோன்ற வாசகசாலைகளிலும் கிடைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் நம்முடைய படிப்பு. ஆனால் பசியின் அருமையைப் பற்றிப் பேச, வயிறு நிறைந்தவனைவிடப் பட்டினி கிடந்தவனுக்கே யோக்கியதை அதிகமென்பது நமது அபிப்பிராயம். ஆகவே பேசத் துணிகின்றோம்.

தோழர்களே! முற்காலத்தில் ஏழை மகன் ஏன் படிக்கவில்லை என்று கேட்டால், "அவன் விதி" என்றார்கள். நாம் அந்த விதியை ஆராய்ந்து, அது ஆண்டவன் எழுதியதல்ல, ஆள்பவன் எழுதியது என்று காட்டிய பிறகு, இப்போது வேறொரு சொல்லைக் கண்டுபிடித்திருக்கின்றார்கள். அது "நிதி" என்பதாகும். பள்ளிக்கூடம் ஏன் இல்லை? நிதியில்லை. சர்வகலாசாலையை ஏன் மூடுகிறாய்? நிதியில்லை. விதி என்று சொன்னால் எப்படி மறுகேள்வி கிடையாதோ, அப்படியே நிதியில்லை என்று சொன்னாலும் மறுகேள்வி கிடையாது என்று நினைக்கின்றார்கள். எழுத்தில் ஒன்றுதான் மாறியிருக்கிறதே தவிர, புரட்டு மாறவில்லை.

இது ஏதோ ஏழை நாட்டுச் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு என்று சொல்லப்படுகிற அமெரிக்காவில் நடந்ததையே உங்களுக்குச் சொல்லப் போகின்றோம்.

அமெரிக்காவின் வடகோடியில் அலாஸ்கா என்று ஒரு மாகாணம். 1867-ல் ரஷ்ய அரசரிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கப்பட்ட பனிநாடு அது. பரப்பிலே இந்தியாவில் பாதிக்குமேல். ஜனங்களோ ஏழு லட்சத்துச் சொச்சம் பேர்தான். 1968-ல் அங்கே பூமிக்கடியில் ஏராளமான எண்ணெய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பணம் கொட்டிற்று. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பிற்காலத்துக்காகச் சேமிக்க வேண்டுமென்று 1976-ல் சட்டம் செய்து ஒரு நிரந்தர நிதி ஏற்படுத்தினார்கள். இது புத்தியுள்ள காரியமே. 1980-ல் வருமான வரியை எடுத்துவிட்டார்கள். 1982 முதல் அந்த நிதியின் லாபத்திலிருந்து ஆண் பெண் குழந்தை அடங்கலும் தலைக்கு இவ்வளவு என்று வருஷந்தோறும் பங்குத்தொகை கொடுத்து வருகின்றார்கள். கேட்பதற்கு இனிப்பாயிருக்கிறதல்லவா? வரியும் கிடையாது, வருஷந்தோறும் பணமும் வரும்! சொர்க்கம் இருப்பதாகச் சொல்லுகிறவர்கள்கூட இவ்வளவு சௌகரியம் சொன்னதில்லை.

ஆனால் 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை விழுந்தது. வரவு குறைந்தது. வரி போடலாம், அல்லது பங்குத்தொகையைக் குறைக்கலாம், அல்லது பொதுக் காரியங்களை வெட்டலாம். வேறு வழியில்லை. 2018-ல் நடந்த தேர்தலில் டன்லீவி என்பவர் கவர்னர் பதவிக்கு நின்றார். அந்த நாட்டில் கவர்னர் என்பவர் மேலிருந்து அனுப்பப்படுகிறவரல்ல. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தலைவர். "வரியும் போடமாட்டேன், பங்குத்தொகையும் பழைய கணக்குப்படி முழுதாகத் தருவேன்" என்றார். முழுத்தொகை என்றால் தலைக்குச் சுமார் 3000 டாலர். ஜனங்கள் ஜெயிக்க வைத்தார்கள்.

வாக்குறுதி கொடுத்தாயிற்று, பணம் எங்கிருந்து வருவது? 2019 ஜூன் 28-ந் தேதி, சட்டசபை நிறைவேற்றிக் கொடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கவர்னர் தம் பேனாவினால் 44 கோடி டாலருக்கு மேல் அடித்துவிட்டார். அதில் அலாஸ்கா சர்வகலாசாலைக்கு விழுந்த வெட்டு மட்டும் 13 கோடி டாலர். சட்டசபை ஏற்கனவே குறைத்திருந்த 50 லட்சத்தையும் சேர்த்தால், 32 கோடியே 70 லட்சமாயிருந்த சர்க்கார் உதவி 19 கோடியே 20 லட்சமாகச் சுருங்கிற்று. நூற்றுக்கு 41 பாகம்! அதுவும் புது நிதியாண்டு பிறக்க இரண்டே நாள் இருக்கும்போது. நூறு ரூபாய் சம்பளக்காரனை மாதக் கடைசியில் கூப்பிட்டு, நாளை முதல் உனக்கு 59 ரூபாய்தான், குடும்பத்தைச் சிக்கனமாக நடத்து என்றால் அவன் என்ன செய்வான்?

இந்த சர்வகலாசாலை எப்படிப்பட்டது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்ளுங்கள். 1917-ல் விவசாயக் கலாசாலையாகவும் சுரங்கப் பள்ளியாகவும் நிறுவப்பட்டு, 1922-ல் பாடம் நடத்தத் தொடங்கியது. இப்போது பேர்பேங்ஸ், ஆங்கரேஜ், ஜூனோ ஆகிய மூன்று ஊர்களில் பெரிய கலாசாலைகளும், பெத்தேல், நோம், காட்செபூ முதலான சிற்றூர்களில் கிளைகளும் உண்டு. இந்தச் சிற்றூர்களுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. பெரும்பாலும் ஆகாய விமானத்தில்தான் போக வேண்டும். அங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் பூர்வகுடிகள். பணக்காரன் பிள்ளை வேறு மாகாணத்துக்குப் போய்ப் படிப்பான். மீன் பிடித்துப் பிழைக்கிறவன் மகள் எங்கே போவாள்? அவள் ஊர்க் கிளையை மூடினால் அவளுடைய படிப்பே மூடப்பட்டது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பூர்வகுடிகளின் பாஷைகள் அழிந்து வருகின்றன. அவற்றை எழுதிவைக்கவும் கற்றுக்கொடுக்கவும் 1972-ல் பேர்பேங்ஸில் ஒரு பாஷை நிலையம் ஏற்படுத்தப்பட்டது. ஈயாக் என்று ஒரு பாஷை. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி அம்மாள் 2008-ல் காலமானார். அந்தப் பாஷைக்கு இன்று அகராதியும் இலக்கணமும் இருக்கிறதென்றால், மைக்கேல் கிராஸ் என்கிற அந்தச் சர்வகலாசாலை ஆசிரியர் பல்லாண்டு உட்கார்ந்து கேட்டு எழுதியதே முக்கிய காரணம். எந்த வியாபாரியாவது லாபத்துக்காக இந்த வேலையைச் செய்வானா? பூமியதிர்ச்சியை அளப்பதும் அந்தச் சர்வகலாசாலைதான். 1964-ல் 9.2 அளவுள்ள பூமியதிர்ச்சி கண்ட நாட்டில், பூமி ஏன் அசைகிறது என்று ஆராய்கிறவனைச் சிக்கனத்தின் பேரால் வீட்டுக்கனுப்பிவிட்டு, பிறகு சாந்தி செய்து ஓமம் வளர்த்துக்கொள்வதா என்று கேட்கின்றோம்.

சரி, வெட்டைத் தடுக்கச் சட்டசபைக்கு வழியில்லையா? வழி இருந்தது. 60 அங்கத்தினர்களில் 45 பேர் சேர்ந்தால் கவர்னரின் வெட்டைத் தள்ளிவிடலாம். ஆனால் எந்த ஊரில் சபை கூடுவது என்றே சண்டை! ஒரு கூட்டம் தலைநகரமான ஜூனோவில் கூடிற்று. கவர்னர் குறித்த வஸில்லா என்ற ஊருக்கு மற்றொரு கூட்டம் போயிற்று. ஜூலை 10-ந் தேதி ஜூனோவில் ஓட்டெடுத்தபோது 37 பேர் வெட்டைத் தள்ளவேண்டுமென்றார்கள், ஒருவர் எதிர்த்தார், 22 பேர் வரவேயில்லை. ஆக, ஒரு நூற்றாண்டு கண்ட கலாசாலையின் கதி, வாதத்தினால் அல்ல, வராதவர்களால் தீர்மானிக்கப்பட்டது! நமது ஊர்ப் பஞ்சாயத்தில் நடந்திருந்தால் நாகரிகமற்றவர்கள் என்று சொல்லியிருப்பார்கள்.

பிறகு என்ன? கடன் கொடுப்போருக்குத் தகுதி மதிப்பிடும் கம்பெனி, சர்வகலாசாலையின் தகுதியை ஒரேயடியாக மூன்று படி இறக்கிற்று. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு, உங்கள் உபகாரச் சம்பளத்துக்குப் பணமில்லை என்று கடிதம் போயிற்று. ஜூலை 22-ந் தேதி நிர்வாக சபையார் பத்துக்கு ஒன்று என்ற ஓட்டில் நிதி நெருக்கடிப் பிரகடனம் செய்தார்கள். அப்படிப் பிரகடனம் செய்தால் நிரந்தர உத்தியோக ஆசிரியர்களையும் வெளியேற்றலாம், பாடங்களை ஒழிக்கலாம், கிளைகளை மூடலாம்.

அப்போதுதான் ஜனங்கள் விழித்தார்கள். கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், கவர்னரைப் பதவியிலிருந்து இறக்கவேண்டுமென்று கையெழுத்து வாங்கினார்கள். கவர்னர் இறங்கி வந்தார். ஆகஸ்ட் 13-ந் தேதி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. வெட்டு 7 கோடி டாலர். அதையும் மூன்று வருஷத்தில் செய்வது. முதல் வருஷம் இரண்டரைக் கோடி. ஒரு வாரத்தில் நெருக்கடிப் பிரகடனமும் வாபஸாயிற்று. வெட்டு சிறிதாயிற்றே தவிர, நிற்கவில்லை. 2020-ல் பல பாடப் பிரிவுகள் எடுக்கப்பட்டன. 2019-ஆம் வருஷத்துப் பங்குத்தொகையாவது 3000 வந்ததா? அதுவும் இல்லை, 1606 டாலர்தான் வந்தது!

இங்கே ஒரு கணக்குப் பாருங்கள். கணக்குப் பார்ப்பது பாவமல்ல. சர்வகலாசாலையிலிருந்து வெட்டிய 13 கோடியை ஏழு லட்சத்துச் சொச்சம் ஜனங்களுக்கும் பங்கிட்டால் தலைக்கு 200 டாலர்கூட வராது. இருநூறு டாலருக்கும் குறைந்த தொகைக்காகப் பேரன் பேத்திகளின் கலாசாலையை விற்கத் துணிந்தார்கள். விதை நெல்லைக் குத்திப் பொங்கித் தின்பது என்று நம் குடியானவர்கள் சொல்வது இதைத்தான்.

கவர்னரை மட்டும் குற்றஞ்சொல்லி முடித்துவிட்டால் நாம் யோக்கியர்களல்ல.  ஓட்டுப் போட்டவர்களும் யோசிக்கவில்லை. அவரையே 2022-ல் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். கோவிலில் கையில் விழும் பிரசாதத்தைப் பார்க்கிறவன் உண்டியலைப் பார்ப்பதில்லை. கையில் விழும் பணத்தைப் பார்க்கிறவனும் கைவிட்டுப் போகும் பொதுச் சொத்தைப் பார்ப்பதில்லை. ஏழைக்குப் பணம் கொடுப்பது தப்பென்று நாம் சொல்லவில்லை. அவன் மகனுடைய படிப்பை எடுத்து அவன் கையிலேயே கொடுத்து, தானம் செய்ததாகப் பேர் வாங்குவதுதான் தப்பு என்கின்றோம்.

இனி, அதே தேசத்தில் இல்லினாய் மாகாணத்தைப் பாருங்கள். அங்கே காரணம் எண்ணெயல்ல, பிடிவாதம்தான். கவர்னர் ஒரு கட்சி, சட்டசபையில் பெரும்பான்மை வேறு கட்சி. 2015 ஜூலை 1 முதல் 2017 ஜூலை 6 வரையில், இரண்டு வருஷத்துக்கு மேல், அந்த மாகாணத்துக்கு முழு வரவு செலவுத் திட்டமே கிடையாது. அங்கே சிகாகோ ஸ்டேட் என்று 1867 முதல் நடக்கும் ஒரு சர்வகலாசாலை. படிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பு மக்கள். வேலை செய்துகொண்டே படிக்கும் தாய்மார்கள் அநேகர். கறுப்பினக் கவி குவெண்டலின் புரூக்ஸ் ஆசிரியராயிருந்த இடம் அது. 2016 பிப்ரவரியில் அங்கே இருந்த சுமார் 900 உத்தியோகஸ்தர்களுக்கும் வேலை போகலாமென்று நோட்டீசு கொடுத்தார்கள். பள்ளிப் பருவத்தை முன்னதாகவே முடித்தார்கள். சாவிகளைத் திருப்பித் தரச் சொன்னார்கள். ஏப்ரல் கடைசியில் 300 பேருக்கு மேல் வேலை போயிற்று. மூடப் போகிற கடைக்கு யார் போவார்கள்? அந்த வருஷம் முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 86 பேர்தான். கதவுக்குப் பூட்டுப் போடவேண்டுமென்பதில்லை. பூட்டப் போவதாகப் பேச்சுக் கிளம்பினாலே போதும்.

இரண்டு கட்சிக்கும் இதில் ஒரு நஷ்டமுமில்லை. மத்தளத்துக்கு இரு பக்கமும் அடி என்பது போல் அடிபட்டவர்கள் அந்த மாணவர்களே. கடைசியில் எப்படித் தீர்ந்தது தெரியுமா? வருமான வரியை நூற்றுக்கு 3.75-லிருந்து 4.95 ஆக உயர்த்திச் சட்டசபை தீர்த்தது. அதாவது இல்லையென்று சொன்ன நிதி, வாங்கவேண்டிய இடத்தில் வாங்கியதும் வந்துவிட்டது! ஆகவே நிதியில்லை என்பதற்கு, கொடுக்கக்கூடியவனிடம் கேட்க மனமில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

நம்மிடம் சிலர் கேட்பார்கள்: சர்வகலாசாலைகளில் வீண் செலவு இல்லையா என்று. இருக்கின்றது. அலாஸ்காவிலும் ஒரே வேலைக்கு மூன்று இடத்தில் மூன்று அதிகாரிகள் இருப்பதாகக் குறை சொன்னார்கள். அதைக் கணக்குப் பார்த்துக் களையட்டும். நாமும் கூட நிற்போம். தலையில் பேன் இருந்தால் பேனை எடுப்பதா, தலையை எடுப்பதா?

இன்னொருவர் கேட்பார்: என் மகன் படிக்காத கலாசாலைக்கு நான் ஏன் வரி கொடுக்க வேண்டுமென்று. அவரை நாம் கேட்கின்றோம்: உமக்குக் காய்ச்சல் வந்தால் நாடி பார்க்கிறவனும், நீர் நடக்கும் பாலத்தைக் கட்டினவனும் எங்கே படித்தான்? உம்முடைய மகன் படித்த கலாசாலையிலா?

மூன்றாமவர், தனியார் நடத்தட்டுமே என்பார். நடத்தட்டும், தடுக்கவில்லை. ஆனால் லாபத்துக்கு நடத்துகிறவன் சாலையில்லாத பெத்தேலுக்குப் போவானா? செத்துக்கொண்டிருக்கும் பாஷைக்கு அகராதி எழுதுவானா? காசு உள்ளவனுக்கே கல்வி என்பது, இன்ன குலத்தில் பிறந்தவனுக்கே கல்வி என்ற பழைய மனுதர்மம் சட்டை மாற்றிக்கொண்டு வருவதேயாகும்.

ஆகவே தோழர்களே! ஜனங்கள் சும்மா இருந்த வரையில் வெட்டு 13 கோடி. எழுந்து கேட்டவுடன் அது பாதியாயிற்று என்ற ஒன்றையாவது இங்கிருந்து எடுத்துப் போங்கள். வரவு செலவுத் திட்டம் என்பது மந்திரமல்ல, ஓதுகிறவனுக்கு மட்டும் விளங்குவதற்கு. அது வீட்டுச் செலவுச் சீட்டைப் போன்றதுதான். இந்த வாசகசாலையில் அதை வாங்கி வைத்து, எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். எதைக் கூட்டினான், எதைக் குறைத்தான் என்று பாருங்கள். ஓட்டுக் கேட்க வருகிறவனிடம், எனக்கு என்ன தருவாய் என்று கேட்பதோடு நிற்காமல், அதை எதிலிருந்து எடுத்துத் தருவாய் என்றும் கேளுங்கள்.

நாம் சொன்னதையும் நாம் சொன்னோமென்பதற்காக நம்பவேண்டாம். விசாரித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை ஏற்றுக்கொள்ளுங்கள். விதியை நம்பிக் கெட்டது போதும். நிதியென்ற பேரிலும் கெடவேண்டாம்.