விழுவோமோ என்னும் அச்சம்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றியவன் நான். மாடிப்படிகளில் துள்ளியோடும் சிறுவர்களைப் பார்த்து, "ஓடாதே, விழுந்துவிடுவாய்!" என்று நான் கூறிய தடவைகளுக்குக் கணக்கில்லை. ஓய்வு பெற்றபின் அந்தச் சொற்கள் என்னிடமே திரும்பி வந்தன. "தாத்தா, நடக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள்" என்று என் பேரன் சொல்லலானான். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நான் ஓட வேண்டாம் என்றேன்; அவன் நடக்கவே வேண்டாம் என்றான்.

நடந்தது இதுதான். ஒருநாள் காலையில் ஈரமான முற்றத்தில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, வீங்கிய மணிக்கட்டு பத்து நாளில் சரியாயிற்று. வீட்டில் புகுந்த அச்சம் மட்டும் நீங்கவில்லை. மகன் காய்கறி வாங்கி வந்தான்; மருமகள் குடிநீரை நாற்காலிக்கே கொண்டுவந்து கொடுத்தாள்; பேரன் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தான். எல்லாம் அன்பினால் செய்தவை. நானும் உள்ளூர அஞ்சியமையால் மறுக்கவில்லை. மூன்று மாதங்கள் கழிந்தன. நாற்காலியிலிருந்து எழவே கைகளை ஊன்ற வேண்டியதாயிற்று. பயன்படாத தசை மெலியும். தசை மெலிந்தால் உடலின் சமநிலை குன்றும். சமநிலை குன்றினால் மீண்டும் விழுவது எளிதாகும். விழாதிருக்க நாங்கள் செய்த ஏற்பாடே என்னை விழுவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தது.

பின்னர் ஓர் இயன்முறை மருத்துவரிடம் சென்றேன். அந்த அம்மையார் முதலில் என் காலைப் பார்க்கவில்லை. "விழுவதற்கு முன் செய்துவந்தவற்றுள் இப்போது எவற்றைச் செய்வதில்லை?" என்று வினவினார். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். கடைக்குப் போவதில்லை, மாடிக்கு ஏறுவதில்லை, நூலகத்துக்குச் செல்வதில்லை. எண்ண எண்ண எனக்கே வருத்தம் மேலிட்டது.

அந்த வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டினெட்டி என்னும் மருத்துவர், 1990ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் ஓர் அளவுகோலை வெளியிட்டார். விழாமல் குளிக்க முடியுமா, உடுத்த முடியுமா, உணவு சமைக்க முடியுமா என அன்றாடச் செயல்கள் பத்தில் முதியோருக்குள்ள தன்னம்பிக்கையை அது அளக்கிறது. 1994இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் எழுபது வயதைக் கடந்த 301 பேர் பங்கு கொண்டனர். ஒரு பிரிவினருக்கு மருந்துகளைச் சீரமைத்தும் உடற்பயிற்சி கற்பித்தும் உதவினர். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவமே நடந்தது. ஓராண்டுக்குள் பின்னவருள் நூற்றுக்கு 47 பேர் விழுந்தனர். முன்னவருள் 35 பேரே விழுந்தனர்.

நியூசிலாந்து நாட்டில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் வகுத்த பயிற்சிமுறை இன்னும் எளியது. வாரம் மூன்று நாள் வீட்டிலேயே கால்களுக்கும் சமநிலைக்கும் பயிற்சி, அதனோடு நடைப்பயிற்சி. என் மருத்துவர் எனக்குக் கற்பித்தவையும் இவ்வகையினவே: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்றல், ஒரு பாதத்தின் முன் மற்றொன்றை ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடத்தல். உலகின் பல பகுதிகளில் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த அறிக்கை, உடற்பயிற்சியால் முதியோர் விழும் நிகழ்ச்சிகள் நூற்றுக்கு 23 அளவு குறைகின்றன என்று காட்டிற்று. எல்லா வீழ்ச்சியையும் பயிற்சி தடுத்துவிடாது என்பதும் இதனால் விளங்கும். ஆயினும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டதை நினைத்தால், இக்குறைவு சிறிதன்று.

உண்மையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குளியலறையில் கைப்பிடி பொருத்தச் சொன்னபோது எனக்குச் சினம் வந்தது. "நான் என்ன நோயாளியா?" என்றேன். "பள்ளி மாடிப்படிகளுக்குக் கைப்பிடி இருந்ததல்லவா? அதைப் பிடித்து ஏறிய பிள்ளைகளெல்லாம் நோயாளிகளா?" என்று அம்மையார் கேட்டார். தலைமையாசிரியராக இருந்தவனுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மறுவாரமே கைப்பிடி பொருத்தப்பட்டது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். "உட்காருங்கள்" என்று சொல்வது எளிது. அதை விடுத்து, அவர்கள் எதைச் செய்ய அஞ்சுகிறார்கள் என்று கேளுங்கள். இரவில் அவர்கள் நடக்கும் வழியில் விளக்கு எரிகிறதா, தரையில் ஈரம் உள்ளதா, மிதியடி நழுவுகிறதா என்று பாருங்கள். மருந்து உண்டபின் தலைசுற்றுகிறது என்றால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிடலாகாது. மருத்துவர் அறிந்து சொன்ன பயிற்சியைச் செய்யும்போது அருகில் நில்லுங்கள்.

பயிற்சி தொடங்கிய ஐந்தாம் மாதத்தில் நான் நூலகத்துக்கு நடந்து சென்றேன். பேரன் உடன் வந்தான். என் கையைப் பற்றவில்லை. அரையடி தள்ளியே நடந்தான். முன்பு அவன் எனக்காக எடுத்துவந்த புத்தகங்கள் நல்லவைதாம். அன்று நானே அலமாரி அலமாரியாகத் தேடி ஒன்றை எடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது அதைச் சுமந்து வந்தவனும் நானே.