அநாதைச் சிறார் இல்லமும் அறக்கணக்கும்

(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து மகளிர் பிடியரிசி எடுத்துவைத்துச் சேர்த்த நிதியை அநாதைச் சிறார்க்கு உதவக் கருதியுள்ளோம். ஈதல் அறமென்பதை நாம் நன்கறிவோம். ஈந்த பொருளைக் காத்தலும் அறமேயாம். இதனைக் கடல் கடந்த நாட்டு இல்லம் ஒன்றின் வரலாற்றால் விளக்க விரும்புகின்றேன்.

பிரஷ்யாவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய ஜார்ஜ் முல்லர் என்னும் கிறிஸ்தவப் போதகர், 1836-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்து வில்சன் தெருவில் வாடகை வீடொன்றிற் சிறுமியர்க்கென ஓர் இல்லம் திறந்தார். 1849-இல் ஆஷ்லி டவுன் என்னுமிடத்தில் 300 சிறார்க்குரிய மாளிகை எழுந்தது. 1870-க்குள் மாளிகைகள் ஐந்தாயின. 2,050 சிறார்க்கு இடம் உண்டாயிற்று. 1898-இல் இறக்கும்வரை அவர் தம் பணிகள் அனைத்திற்குமாகப் பெற்ற பொருள் ஏறத்தாழ 15 இலட்சம் பவுன்.

இத்துணைப் பொருள் வந்தது எங்ஙனம்? அவர் எவரையும் அணுகிப் பொருள் கேட்டிலர். கடன் வாங்கிலர். காலையுணவிற்குப் பொருளில்லாத நாள்களும் இருந்தன. அந்நாள்களினும் கடனுக்குப் பண்டம் கொண்டிலர். ஒரு பணிக்கென வந்த காசினைப் பிறிதொரு பணிக்குச் செலவிட்டிலர். கொடுத்தோர் ஒவ்வொருவர்க்கும் எண்ணிட்ட பற்றுச்சீட்டு அனுப்பினார். ஆண்டறிக்கையில் பெயர் வெளியிடாது, அவ்வெண்ணின்கீழ்த் தொகையை அச்சிட்டார். சில பென்சு கொடுத்த ஏழையும் தன் காசு சேர்ந்ததைத் தானே கண்டறியலாயிற்று. கேளாமற் கேட்டது அவ்வறிக்கையே என்னலாம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. தாய் தந்தை இருவரையும் இழந்த சிறாரையே அவர் ஏற்றார். முறைப்படி மணந்த பெற்றோர்க்குப் பிறந்திருத்தல் வேண்டுமென்றும் விதித்தார்; அது நாம் கொள்ளத்தக்க விதியன்று. குழந்தை செய்த பிழை யாது? ஆயினும் முன்னைய விதியிற் பெரும் பயனுண்டு. தலைக்கு இவ்வளவு என்று பொருள் வருமாயின், தலைகளைப் பெருக்கும் ஆசை நடத்துவோர்க்கு எழும். இக்காலத்துப் பல நாட்டு இல்லங்களில் வாழும் சிறாருட் பெரும்பாலார்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் உளர். வறுமையே அவர்களைப் பிரித்தது. வறுமையொன்றே காரணமாகக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்று 2009-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் நெறிமுறைகளும் கூறின. முல்லர் நிறுவிய அறநிலையமும் 1958-இல் அப்பெருமாளிகைகளை விற்றுச் சிறு இல்லங்களை நாடியது.

ஆகலின் அன்பர்களே, எந்த இல்லத்திற்கும் பொருள் அனுப்புமுன் மூன்று வினாக்களை எழுப்புவோம். கணக்கு ஆண்டுதோறும் பிறரால் தணிக்கை செய்யப்பெற்று வெளிவருகின்றதா? நாம் குறித்த பணிக்கே நம் பொருள் செல்லுமா? இச்சிறார்க்குத் தாயோ தந்தையோ உளரா? உளராயின், கைம்பெண்ணாகிய அத்தாய்க்கு மாதந்தோறும் சிறுதொகை உதவி, குழந்தை அவள் மடியிலேயே வளரச் செய்தல் மாளிகை எழுப்புதலினும் சிறந்ததாம். அத்தகைய தாயர் நம் தெருக்களிலும் உளர். நம் சங்கத்துக் கணக்கும் இவ்விதழில் ஆண்டுதோறும் வெளிவருவதாக. பிடியரிசி ஈந்த கைகள் அதனைப் படித்து மகிழ்க!