எண்ணெய்க்கு என்ன வயது?

ஞாயிற்றுக்கிழமை என்றாலே பல வீடுகளில் அடுப்புக்கு லீவு. போகட்டும். ஓட்டலில் பூரி, பஜ்ஜி சொல்வதற்கு முன் கடாயை ஒரு பார்வை பாருங்கள். எண்ணெய் கறுத்து, நுரை தள்ளிப் புகைகிறதா? பல தடவை காய்ந்த எண்ணெய் அது. காயக் காய அதில் வேண்டாத சேர்மங்கள் பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் விதி. வீட்டுச் சமையலில் எண்ணெயின் வயது நமக்கே தெரியும். அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்பில் தீர்த்துவிடலாம்.

ஓட்டலில் ஒருவர் கேட்டார்: "வடை எப்போ போட்டது?"

"இப்பதான் சார்."

"எண்ணெய் எப்போ ஊத்தினது?"

"தெரியாது சார். நான் போன மாசம்தான் வேலைக்குச் சேர்ந்தேன்!"