கம்யூனிட்டி என்றால் எந்தத் தெரு?

(போடிநாயக்கனூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'தாய் சேய் சமூக மனநலம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். என் முனைவர் பட்ட ஆய்வும் அதுதான். ஆங்கிலத்தில் 'கம்யூனிட்டி மென்டல் ஹெல்த்' என்பார்கள். களப்பணிக்குப் போன முதல் வாரம் ஒரு அக்காவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். "எந்தக் கம்யூனிட்டிக்குத் தாயி? சர்டிபிகேட் எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது சரி. நம் தாலுகா ஆபீசில் கம்யூனிட்டி என்றால் சாதிதான். மருத்துவப் புத்தகமோ 'சமூகம்' என்று சொல்லும்போது ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிற ஒரே ஊராக நினைத்துக்கொள்கிறது. ஊர் தனி, காலனி தனி என்று கிடக்கிற இடத்தில் அந்தச் சொல் எந்தத் தெருவில் போய் நிற்கும்?

விடிவதற்கு முன்பே இங்கிருந்து ஜீப்புகள் கிளம்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. என் அம்மா ஏறிய ஜீப்பும் அதுதான். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ எடுக்க வேண்டும். கூடவே மழை, அட்டை, மருந்து வாடை. குழந்தை பிறந்து நாலாவது மாதமே மலையேறிய பெண்களிடம் பேசியிருக்கிறேன். மதியத்துக்குள் பால் கட்டிக்கொள்ளும், செடி மறைவில் பீய்ச்சிவிட்டு வேலையைத் தொடர வேண்டும். அந்த நேரத்தில் கீழே குழந்தை பாட்டியிடம் இருக்கும். பாட்டியும் மலைக்குப் போகிறவர் என்றால் எட்டு வயது மூத்தவளிடம் இருக்கும். அந்த எட்டு வயதுக் குழந்தையின் மனநலத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கிராம சுகாதார செவிலியர் வரும்போது ஜீப் மலையில் நிற்கிறது. அங்கன்வாடி திறக்கும்போதும் அப்படித்தான், மூடும்போதும் அப்படித்தான். செவிலியரைக் குறை சொல்லவில்லை, அவர் தலையில் எத்தனை பதிவேடுகள் என்று பார்த்தவள் நான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்காக எடை, ரத்த அளவு, தடுப்பூசி எல்லாம் பதிவாகின்றன. நல்லதுதான். ஆனால் "தூங்குறியாம்மா, காரணமில்லாம அழுகை வருதா?" என்று யாராவது கேட்டதாக நான் பேசிய பெண்களில் ஒருவருக்கும் நினைவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் 1996 வாக்கில் தொடங்கியது. அன்றிலிருந்து இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன.

வேலூர் கணியம்பாடி ஒன்றியத்தில் செய்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். குறைந்த வருமானம், ஆண் குழந்தை வேண்டிய வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம், கைவேலைக்கு உதவ ஆளில்லாதது ஆகியவற்றைக் காரணிகளாகச் சொன்னது. இந்தப் பட்டியலோடு காலனிக்குள் நடந்தால் அதில் இல்லாத ஒன்று ஒவ்வொரு வரியிலும் தட்டுப்படும். வருமானம் ஏன் குறைவு? தலைமுறை தலைமுறையாக நிலம் இல்லை. உதவிக்கு ஏன் ஆளில்லை? வீட்டில் எல்லோருமே கூலிக்குப் போகிறார்கள்.

எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1987-ல் வந்தது, பத்துக் கேள்விகள், கடந்த 7 நாட்களைப் பற்றியவை. முதல் கேள்வியே சிரிக்க முடிகிறதா என்பதுதான். ஒரு அக்கா சொன்னார்: "ஜீப்புல சிரிப்பேன் தாயி. எறங்குனா சிரிப்பு இல்ல." இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது? படிவத்தில் இடமில்லை. ஆனால் அந்தப் பதிலில்தான் எனக்கு வழி தெரிந்தது. அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் இடம் ஏற்கெனவே இருக்கிறது, நெருக்கியடித்து ஆள் ஏற்றிய அந்த ஜீப்தான் அது.

பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழு இப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. மனநல மருத்துவர்களை அனுப்பவில்லை. வீடு வீடாகப் போகிற உள்ளூர் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். 2008-ல் லான்செட்டில் முடிவு வந்தது. மனச்சோர்வோடு இருந்த தாய்மார்களில் ஆறு மாதத்துக்குப் பின்னும் அது நீடித்தது, பயிற்சி பெற்றவர்கள் போன இடங்களில் 23 சதவீதம், மற்ற இடங்களில் 53 சதவீதம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது. ஆனால் எடையிலும் உயரத்திலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இதை மறைத்துப் பேசக் கூடாது. பேசித் தீர்வதும் உண்டு, பேசினால் மட்டும் தீராததும் உண்டு.

பின்னர் கோவாவில் அதே முறையைச் சக தாய்மார்களை வைத்தே முயன்றார்கள். நமக்கு இங்கேதான் சிக்கல். சக தாய் என்றால் யார்? ஒருமுறை ஆலோசனை சொல்ல வந்த ஒருவர், காலனியில் கொடுத்த சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டார். கனிவாகத்தான் பேசினார். அவர் போன பிறகு அந்த வீட்டுப் பெண், "தண்ணியே குடிக்கல, அவங்ககிட்ட என்னத்தச் சொல்ல?" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாருமே அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அறிக்கையில் 'பிரச்சினை இல்லை' என்று பதிவாகியிருக்கலாம்.

அதனால் நான் கேட்பது இதுதான்: இந்த வேலைக்குக் காலனிப் பெண்களையே எடுங்கள், அரசுச் சம்பளத்தில். சேவை, தன்னார்வம் என்று சொல்லி நம் பெண்கள் தலையில் இன்னொரு கூலியில்லாத வேலையை ஏற்றாதீர்கள். சந்திப்பு இரவு ஏழு மணிக்குத் தெருவிலேயே நடக்கட்டும். குழந்தைகள் காப்பகம் ஜீப் கிளம்பும் முன்பே திறக்கட்டும். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களாவது வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்றது. நம் பெண்களுக்கு வேலை ஒரு மாநிலம், வீடு ஒரு மாநிலம். தினமும் மலையேறி இறங்குகிறவளின் குழந்தைக்குக் காப்பகம் மேலே வேண்டுமா கீழே வேண்டுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

பாபாசாகேப் 1928-லேயே பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கு நன்மை, அவள் உழைப்பால் லாபம் பெறும் முதலாளியும் செலவில் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். ஏலக்காயை ஏலம் விடும் ஊர் இது. ஒவ்வொரு கிலோவிலும் அந்தப் பங்கைக் கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் பத்து அக்காக்களோடு உட்காருகிறோம். பேச அவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டும், ஆண் தோழர்கள் வந்தால் நல்லது. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.