நாணம் நீக்கினால் நோவு தணியும்

நோவினும் நாணமே மனிதரை மிகுதியாக வருத்தும் பிணிகள் சில உள. மறைவுறுப்பில் கொப்புளமாய்த் தோன்றிப் புண்ணாகும் ஹெர்ப்பிஸ் அவற்றுள் ஒன்று. இதற்குரிய வைரசு முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து வாழ்வதால், அதனை அடியோடு அகற்றும் மருந்து இல்லை. ஆயினும் அசைக்குளோவிர் போன்ற மாத்திரைகள் அது பெருகுவதைத் தடுத்து, புண்ணை விரைந்து ஆற்றுகின்றன. கொப்புளம் கண்ட ஓரிரு நாளிலேயே வைத்தியரை நாடினால் பயன் மிகுதி.

மருந்து உள்ளே தொழிற்படுகையில், வெளியே நோவைத் தணிப்பது எளிய பராமரிப்பே. அரை லீற்றர் இளஞ்சூட்டு நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டுக் கழுவி, தேய்க்காது ஒற்றித் துடைத்தல் வேண்டும். தளர்ந்த பருத்தியாடை நன்று. சிறுநீர் எரிந்தால், கழிக்கும்போதே நீரை ஊற்றிக்கொள்ளலாம். எரிவுக்கு அஞ்சி நீரருந்தாதிருந்தால் எரிவு கூடும். சிறுநீர் தடைப்படின் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நோவுக்குப் பரசிற்றமோல் உதவும். புண்ணைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடலாகாது.

புண் முற்றாக ஆறும்வரை உடலுறவைத் தவிர்ப்பது துணைவருக்குக் காப்பு. கர்ப்பிணி வைத்தியரிடம் மறையாது கூறுவது குழந்தைக்குக் காப்பு. இலங்கை அரசின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் கட்டணம் இல்லை, இரகசியமும் காக்கப்படும். நாணி மறைக்கும் ஒவ்வொரு நாளும் நோவுக்குக் கொடுக்கும் நாளே.