நின்றுபோன அப்டேட்டும் நிற்காத யோசனையும்

(ஒரு படிப்பகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச வேண்டிய விஷயம் டேப்லெட் யந்திரத்தில் அப்டேட் நின்று போனால் என்ன செய்வது என்பதாகும். இதைக் கேட்டவுடன் சிலர் சிரிக்கிறீர்கள். "இதெல்லாம் இஞ்சினீயர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, இவருக்கு என்ன தெரியும்?" என்று நினைக்கலாம். அது நியாயமான கேள்விதான். நாம் காலேஜில் படித்தவர்களல்ல. பள்ளிக்கூடத்திலும் பாதியில் நின்றவர்கள்தான். நமக்குத் தெரிந்ததெல்லாம் பிறரிடம் கேட்டும், படித்தும், கையைச் சுட்டுக் கொண்டும் தெரிந்து கொண்டதேயாகும். இந்த விஷயத்தில் கையைச் சுட்டுக் கொண்டோம். அதனால்தான் பேசுகிறோம்.

சென்ற மாதம் இந்தப் படிப்பகத்திலேயே நடந்த காரியத்தை உங்களில் பலர் அறிவீர்கள். இங்குள்ள டேப்லெட் பல தோழர்கள் சேர்ந்து காசு போட்டு வாங்கியது. பகலில் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள்; இரவில் பெரியவர்கள் பத்திரிகை படிக்கிறார்கள். நெசவுத் தொழில் செய்து வந்த நமது வயோதிகத் தோழர் ஒருவர், தமது முப்பதாவது வயதில் இராப்பள்ளியில் எழுத்துக் கற்றுக் கொண்ட கதையை இதில்தான் ஒன்பது நாள் இரவு பேசிப் பதிவு செய்தார். அவர் காலமாகிவிட்டார். அந்தக் குரலுக்கு வேறு நகல் கிடையாது. நகல் எடுக்க வேண்டுமென்று நாமே ஐந்தாறு தடவை சொன்னோம். சொன்னோமே தவிர எடுக்கவில்லை.

இப்படியிருக்க ஒரு சனிக்கிழமை யந்திரம் "புதிய அப்டேட் வந்திருக்கிறது" என்று அறிவித்தது. அமுக்கினோம். "தயாராகிறது" என்ற ஒரே வார்த்தையைக் காட்டிக் கொண்டு ஒரு நாள் முழுவதும் அப்படியே நின்றது. உள்ளே இடமில்லை என்று பிறகு தெரிந்தது. 64 ஜி.பி. இடத்தில் ஒரு ஜி.பி.கூட மீதியில்லாமல் சினிமாப் படங்களை நிரப்பி வைத்திருந்தோம். படங்களை நீக்கினோம், வேலை நகர்ந்தது. ஆனால் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. யந்திரம் தன்னை அணைத்துத் திரும்ப எழும்பும்போது ஒரு வெள்ளைப் பட்டை தோன்றிற்று. அது முக்கால் பங்கு ஓடி நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல நமக்கே வெட்கமாயிருக்கிறது. ஒருவர் பொத்தானை விடாமல் அமுக்கினார். மற்றொருவர் யந்திரத்தைத் தட்டினார். ஒரு பெரியவர், "சாயங்காலம் ராகு காலத்தில் ஆரம்பித்தீர்கள், எப்படி விளங்கும்?" என்றார். அவரைப் பார்த்து நாம் சிரித்தோம். ஆனால் தோழர்களே, பொத்தானை இருபது தடவை அமுக்கியவருக்கும் ராகு காலம் பார்த்தவருக்கும் என்ன வித்தியாசம்? இருவருமே காரணத்தைக் கேட்கவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்தார், மற்றவர் பொத்தானைப் பார்த்தார். யந்திரத்திற்குள் என்ன நடக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை. பிறரிடம் காரணம் கேட்டுக் கேட்டே காலம் கழித்த நாமும் அந்த நேரத்தில் பொத்தான் கட்சியில்தான் இருந்தோம்.

உடனே கடைத்தெரு ரிப்பேர்க்காரருக்குப் போன் செய்தோம். அவர், "உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், வேறு வழியில்லை" என்றார். அந்தத் தோழரின் மனைவியார் அதோ அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. நாம் "சரி, காலையில் கொண்டு வருகிறோம்" என்று சொல்ல வாயெடுத்தோம்.

அப்போது ஒன்பதாவது வகுப்பு படிக்கிற ஒரு பெண், "ஐயா, வேறு வழியில்லை என்று யார் சொல்வது? யந்திரம் செய்தவர்கள் சொல்கிறார்களா, கடைக்காரர் சொல்கிறாரா?" என்று கேட்டது. அதன் பிறகு, "பட்டை எத்தனை மணிக்கு நின்றது? யாராவது குறித்தீர்களா?" என்றும் கேட்டது. அவ்வளவு பேர் கூடியிருந்தும் ஒருவரும் குறிக்கவில்லை. அந்தக் குழந்தை கேட்ட இரண்டு கேள்விகளும்தான் நமது இன்றைய பிரசங்கம்.

நிற்க. அப்டேட் என்பது என்ன? யந்திரத்தை நடத்துகிற கட்டளைகளின் தொகுதியை மென்பொருள் என்கிறோம். அதிலுள்ள குற்றங்களைத் திருத்தியும், திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைத்தும் கம்பெனியார் அனுப்புகிற புதுப் பதிப்புத்தான் அப்டேட். "அது வேண்டாமே, பழையபடியே இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று சிலர் கேட்கலாம். 2017ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் விண்டோஸ் மென்பொருளிலிருந்த ஓர் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் கம்பெனி அடைத்து அப்டேட் வெளியிட்டது. பலர் அதைப் போட்டுக் கொள்ளவில்லை. மே மாதம் 12ந் தேதி வானாகிரை என்னும் கெடு மென்பொருள் அதே ஓட்டை வழியாக உலகமெங்கும் பரவிற்று. இங்கிலாந்தில் அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளிகளுக்குக் குறித்திருந்த வைத்தியங்கள்கூடத் தள்ளிப் போயின. ஆகவே அப்டேட் வேண்டியதுதான். எப்படிப் போடுவது, நின்றால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இந்த வேலை ஒரே காரியமல்ல, நான்கு காரியங்கள். முதலாவது, இணையத்தின் மூலம் மென்பொருளை இறக்குவது. இரண்டாவது, இறங்கியது உண்மையான சரக்குத்தானா, வழியில் யாராவது மாற்றிவிட்டார்களா என்று பரிசோதிப்பது. மூன்றாவது, கட்டைப் பிரித்துத் தயார் செய்வது. நான்காவது, பழையதின் இடத்தில் புதியதை வைப்பது. யந்திரம் நின்றுவிட்டது என்றால் இந்த நான்கில் எதில் நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வயிற்று வலிக்கும் தலைவலிக்கும் ஒரே சூரணம் கொடுக்கிற வைத்தியனை நாம் ஒப்புக்கொள்ளுகிறோமா?

இறக்குவதில் நின்றால் இணையத்தைப் பாருங்கள். வைஃபை பலவீனமாயிருக்கலாம், போனில் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கலாம். வேறு இணைப்பில் போட்டுப் பாருங்கள். பரிசோதனையில் நின்றால் இணையத்தோடு தேதியையும் மணியையும் பாருங்கள். தேதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கம்பெனியின் சர்வர் தனது அடையாளத்திற்கு ஒரு சான்றிதழ் காட்டுகிறது. அந்தச் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் யந்திரத்தின் தேதி இரண்டு வருஷம் பின்னால் இருந்தால், "இது இன்னும் செல்லுபடியாகாத சான்றிதழ்" என்று அது மறுத்துவிடும். பஞ்சாங்கத்தின் தேதிக்கு இல்லாத பலன் இந்தத் தேதிக்கு உண்டு; ஏன் உண்டு என்று காரணமும் சொல்ல முடியும்.

தயார் செய்வதில் நின்றால் இடம் போதுமா என்று பாருங்கள். இறங்கிய கட்டு பழுதாகியிருந்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி இறக்கலாம். ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், ஐபேட் ஸ்டோரேஜ் என்று போனால் அந்தப் பட்டியலில் அப்டேட்டின் பெயர் இருக்கும். அதைத் தொட்டு "டிலீட் அப்டேட்" என்பதை அமுக்கினால் அந்தக் கட்டு மட்டும் போகும். உங்கள் படமும் பாடமும் போகாது. இந்த மூன்று கட்டங்களிலும் யந்திரத்தை அணைத்துத் திரும்பப் போடுவதால் பெரிய கெடுதி வராது.

நான்காவது கட்டத்தில்தான் பதறக்கூடாது. அப்போது பட்டை மெதுவாக நகரும். சில நேரம் நகராதது போலவே தோன்றும். சார்ஜரைச் செருகிவிட்டு மணியைக் குறித்துக் கொண்டு உட்கார வேண்டும். ஐபேடில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பட்டை கொஞ்சமும் நகரவில்லையென்றால் மட்டுமே அடுத்த காரியத்தில் இறங்க வேண்டும். அதாவது, கேபிள் மூலம் ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து, ரிகவரி மோட் என்னும் மீட்பு நிலைக்குக் கொண்டு போக வேண்டும். ஹோம் பொத்தான் உள்ள ஐபேட் ஆனால் அதையும் மேல் பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். அது இல்லாத ஐபேடில், மேல் பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள வால்யூம் பொத்தானை அமுக்கி விட்டு, தூரத்திலுள்ள வால்யூம் பொத்தானை அமுக்கி விட்டு, பிறகு மேல் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கம்பெனி அடையாளம் தோன்றியும் கையை எடுக்காமல், கம்ப்யூட்டரும் கேபிளும் போன்ற படம் வரும் வரை பிடிக்க வேண்டும்.

அப்போது கம்ப்யூட்டர் இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று "அப்டேட்", மற்றொன்று "ரீஸ்டோர்". முன்னது உள்ளிருப்பதை அழிக்காமல் மென்பொருளை மட்டும் திரும்ப வைக்கப் பார்க்கும். பின்னது எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஆகவே முதலில் "அப்டேட்" என்பதையே தொட வேண்டும். அது பலிக்காவிட்டால்தான் மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. மென்பொருளுக்கு இரண்டு அறைகள். ஓர் அறையில் பழையது வேலை செய்து கொண்டிருக்கும்போதே மற்றோர் அறையில் புதியது தயாராகும். புதியது எழும்பாவிட்டால் யந்திரம் பழைய அறைக்கே திரும்பும். எல்லாக் கம்பெனியாரும் இதை வைக்கவில்லை. ஆண்ட்ராய்டின் மீட்பு நிலையில் சில யந்திரங்களில் "வைப் கேஷ் பார்ட்டிஷன்" என்று ஒரு வரி இருக்கும். அது தற்காலிகக் குப்பையை மட்டும் நீக்கும். அதன் பக்கத்திலேயே "வைப் டேட்டா" என்று மற்றொரு வரி இருக்கும். அது உங்கள் சர்வத்தையும் நீக்கும். இரண்டும் "வைப்" என்றுதான் ஆரம்பிக்கும். முழு வரியையும் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

இனி அன்றிரவு நடந்ததற்கு வருகிறோம். அந்தப் பெண் தன் தாயாரின் போனில், யந்திரம் செய்த கம்பெனியாரே எழுதி வைத்திருக்கும் உதவிக் குறிப்பைத் தேடி உரக்கப் படித்தது. 8.40க்கு மணியைக் குறித்தோம். சார்ஜரைச் செருகினோம். பொத்தானிலிருந்து எல்லோரும் கையை எடுத்தோம். 9.45 வரை பட்டை அசையவில்லை. ஒரு பள்ளி ஆசிரியரின் லேப்டாப்பை இரவல் வாங்கி இணைத்து, அழிக்காத வழியையே தொட்டோம். மென்பொருள் இறங்கிக் கொண்டிருக்கும்போதே டேப்லெட்டில் இருந்த கேபிள் படம் மறைந்துவிட்டது. "போச்சு" என்று நாலு பேர் கூவினார்கள். அந்தப் பெண் மட்டும், "பதினைந்து நிமிஷத்துக்கு மேலானால் அப்படி வெளியே வந்துவிடும், இறங்கி முடிந்ததும் மறுபடி செய்ய வேண்டும் என்று இதிலேயே போட்டிருக்கிறது" என்றது. மறுபடி செய்தோம். 11 மணிக்கு மேல் யந்திரம் எழும்பி ரகசிய எண்ணைக் கேட்டது.

முதல் பதிவைத் திறந்தோம். ஓர் இருமல், பிறகு, "சத்தம் கேட்குதாப்பா?" என்று அவர் குரல். அம்மையார், "கேட்குது, கேட்குது" என்று பெஞ்சிலிருந்தே பதில் சொன்னார். அன்றிரவே மூன்று நகல்கள் எடுத்தோம். ஒன்று அம்மையாரிடம் இருக்கிறது.

இதிலிருந்து, கம்பெனியார் சொல்வதையெல்லாம் வேதமாகக் கொள்ளச் சொல்லுகிறோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவர்களும் மனிதர்கள்தான். 2016ஆம் வருஷம் மே மாதத்தில் ஆப்பிள் கம்பெனி விட்ட ஐஓஎஸ் 9.3.2 அப்டேட்டால் 9.7 அங்குல ஐபேட் புரோ சில எழும்பாமலே போயின. கம்பெனி அதை நிறுத்தி வைத்து, ஜூனில் திருத்தி விட்டது. 2024 செப்டம்பரில் ஐபேட்ஓஎஸ் 18ஐப் போட்ட சில எம்4 ஐபேட் புரோக்களுக்கும் அதே கதி நேர்ந்தது, அக்டோபரில் 18.0.1 வந்தது. அந்த யந்திரங்களின் சொந்தக்காரர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அதனால்தான் அப்டேட் போடுவதற்கு முன் நகல் எடுங்கள் என்கிறோம். செய்தவன் தவறினாலும் நம் சொத்து நம்மிடமிருக்க வேண்டும்.

ரிப்பேர்க்காரர் மீதும் நமக்குக் கோபமில்லை. அவர் தமக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். தெரிந்த ஒரு வழியை உள்ள ஒரே வழி என்று சொன்னதுதான் தவறு. அதை அப்படியே ஒப்புக்கொள்ள இருந்த நமது தவறு அதைவிடப் பெரியது.

எனவே தோழர்களே, வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். போனிலும் டேப்லெட்டிலும் உள்ள முக்கியமானவற்றுக்கு இன்றைக்கே வேறிடத்தில் நகல் எடுங்கள். எவ்வளவு இடம் மீதியிருக்கிறது என்று பாருங்கள். அப்டேட் போடும்போது சார்ஜரைச் செருகி, ஆரம்பித்த மணியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். நாம் சொன்னோமென்பதற்காகவும் இவற்றைச் செய்ய வேண்டாம். உங்கள் யந்திரத்தின் உதவிக் குறிப்பை நீங்களே படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள். தவறென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்கிறவர் ஒன்பதாவது வகுப்புக் குழந்தையாயிருந்தாலும் உட்காரச் சொல்லாதீர்கள்.